முழுப்பேர்

ஒரு சேகரம், நாலு கோயில், ஒரே ஐயர்.
ஞாயிற்றுக்கிழமை ஜீப் என்னுடையது.
எனக்கு முருகன்தான். ஆனாலும்
எல்லாப் பிரசங்கமும் நாலு நாலு தடவை கேட்டவன்
இந்தச் சேகரத்தில் நான் ஒருத்தன்.

பின்சீட்டில் துண்டில் சுற்றிய வெள்ளிக் கிண்ணம்,
அப்பப் பெட்டி, ஹேங்கரில் அங்கி.
என் பையில் அட்டைக்கு உப்புப் பொட்டலம்.

பந்தலூரில் ஏழு மணி.
திராட்சைத் தோட்டத்துக்காரன் ஒருவன்
விடியலில் சிலரை, உச்சியில் சிலரை,
பொழுது சாயும்போது சிலரை
வேலைக்குக் கூப்பிட்ட கதை.
எல்லாருக்கும் ஒரே கூலி.
முன்வரிசையில் பேக்டரி முதலாளி ஜெபசிங்.
"இது கூலியைப் பற்றியதல்ல,
கிருபையைப் பற்றியது" என்றார் ஐயர்.
முதலாளி தலையாட்டினார்.

தேவாலாவில் ஒன்பதரை. அதே கதை,
ஒரு சிரிப்பு கூடுதல்.
சேரம்பாடியில் பன்னிரண்டே கால்.
கிருபை என்கிற இடத்தில் தொண்டை கம்மியது.
சுக்குக்காப்பி கொடுத்தார்கள். எனக்கும் ஒரு டம்ளர்.

அங்கிருந்து நாலு மைல்தான்.
வளைவில் தாயும் குட்டியுமாக யானை.
இஞ்சினை அணைத்துவிட்டு இருந்தோம்.
ஒரு மணி நேரம். இரண்டு.
ஐயர் அங்கியை மடித்துத் தலைக்கு வைத்துத் தூங்கினார்,
வாய் லேசாகத் திறந்தபடி.
கிண்ணம் உருளாமல் நான் பிடித்துக்கொண்டேன்.

பத்தாம் நம்பர் காட்டுக்கு ஐந்தே கால்.
தகரக் கூரை, கரண்ட் இல்லை, பதினோரு பேர்.
தெரிந்த பாட்டெல்லாம்
தாங்களே பாடி முடித்திருந்தார்கள்.
கசங்கிய அங்கியில் ஐயர் தொடங்கினார்.
கூலி கொடுக்கிற இடத்தில் மறந்துபோய் நின்றார்.
எனக்குத் தெரியும் அடுத்த வரி.
வாசலில் நின்று வாய் திறப்பதற்குள்

சலோமியாள் கேட்டாள்,
ஞாயிறும் போகாத இலைக்கறை விரலில்:
"பிரட்டுக்கு அஞ்சு நிமிஷம் பிந்தினா
எங்களுக்கு அரைப்பேருங்கய்யா.
சாயங்காலம் வந்தவனுக்கும்
முழுப்பேரு போட்டாராமே அந்தத் தொரை,
கணக்கப்பிள்ளை ஒண்ணும் சொல்லலியா?"

யாரோ சிரித்தார்கள்.
ஐயர் சிரிக்கவில்லை. அவளையே பார்த்தார்.
"சொல்லியிருப்பார்" என்றார்.
அவ்வளவுதான் நாலாவது பிரசங்கம்.

அப்பம் போதவில்லை. கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தார்,
கடைசி ஆளுக்கு வரும்வரை.

காத்திருந்த நேரத்துக்குத்
தனியாக ஏதாவது கேட்க நினைத்திருந்தேன்.
நாடுகாணி தாண்டும்வரை அவர் பேசவில்லை.
பிறகு கேட்டார்:
"காலையில் பந்தலூரில் நான் என்ன சொன்னேன்?"

"கூலியைப் பற்றியதல்ல என்றீர்கள்."

வெளியே பனி.
கண்ணாடியை உள்ளிருந்து
உள்ளங்கையால் துடைத்தார்,
துடைத்த இடத்தையே மறுபடியும்.