காந்தம் எடுக்காதது

ஆனி பிறந்தால் சின்னவிளையில்
கடல் கறுப்பைக் கொண்டுவந்து கொட்டும்.
முந்தின நாள் வரை வெள்ளையாய்க் கிடந்த கரை
விடியும்போது
அடுப்புக்கரி தேய்த்துக் கொப்பளிக்காத வாய் போலிருக்கும்.
கடல் அடிக்கவேண்டும் என்று
எங்கள் ஒப்பந்தக்காரர்
குருசடியில் மெழுகுதிரி வைப்பார்.
அடித்தால் வள்ளம் இறங்காது.
வள்ளம் இறங்காதவன் மண்வெட்டி எடுப்பான்.

இரும்பு எடுக்கிற இடம் என்றால்
குகை, தொப்பி, நெற்றியில் விளக்கு
என்று நினைப்பீர்கள்.
எங்களுடையது வானத்துக்கு நேர் கீழே.
கூரை இல்லாத இடம் இடிந்து விழாது என்று
நாங்களும்தான் நினைத்தோம்.

ஒரு கயிற்றில் தொடங்கியது என்பார்கள்.
கப்பலேறிப் போன தேங்காய்நார்க் கயிறு,
அதன் புரியில் ஒட்டிக்கொண்ட மணல்,
உதறிப் பார்த்த ஒரு வெள்ளைக்காரன்.
பிறகு அவர்கள் தெருவிளக்கின் வலைத்திரியில்
எங்கள் கரை எரிந்தது.
அந்நாளில் இங்கே புன்னைக்காய் எண்ணெய்.
அதையும் சாப்பிட்டு முடித்ததும்
ஊதி அணைத்துவிட வேண்டும்.

எனக்கு வேலை காந்தப் பிரிவில்.
உருளையில் மணல் விழும்.
இரும்பு கலந்த இல்மனைட் ஒட்டிக்கொண்டு சுற்றும்.
கார்னெட் தயங்கித் தயங்கி ஒட்டும்.
சிர்கான் திரும்பியே பார்க்காது.
மஞ்சள் மட்டும் தனி அறைக்குப் போகும்.
அந்த அறைக்காரர்கள் சட்டையில்
தீப்பெட்டி அளவில் ஒரு வில்லை.
குறித்த நாளில் கழற்றி அனுப்பி
எவ்வளவு பட்டது என்று கேட்பார்கள்.
பதில் தபாலில் வரும், அவரவர் பெயருக்கு.

கரையில் வெட்டுகிறவனுக்கு வில்லை கிடையாது.
தார்சியுஸ் ஒருநாள்
கழுத்து உத்தரியத்தை இழுத்துக் காட்டினான்.
"எனக்கும் உண்டு, பாத்துக்கோ.
இது நேரா மேல போவும்."

ஆடி ஏழு.
இரண்டு ஆள் உயரத்துக்குத் திட்டு.
மேலிருந்து வெட்டி இறங்கு என்பது விதி.
அடியில் வெட்டினால் தானே சரியும் என்பது கூலி.
லோடுக்கு இவ்வளவு என்று பேசியாயிற்று.

மூன்று மணிக்குச் சரிந்தது.
சத்தமே இல்லை.
கறுப்பு மணல் கனம்,
வெறும் மணலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.
மண்வெட்டி பட்டுவிடுமே என்று
கையால் தோண்டினோம்.
முதலில் கிடைத்தது ஒரு செருப்பு.
அது அவனுடையதல்ல.

எட்டுக் குடம் ஊற்றிக் குளிப்பாட்டினார்கள்.
புருவத்தில் போகவில்லை.
இமையில், காதுமடிப்பில், மீசைக்குள்.
பெனிற்றா அழாமல் சொன்னாள்:
"இவரு இவ்வளவு கறுப்பு இல்ல."

சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போனேன்.
சோதனைக்கு வைத்திருந்த கைக்காந்தத்தை
மடியில் கட்டிக்கொண்டு வந்தேன்.
துணி சுற்றிப் புருவத்துக்கு மேலே பிடித்தேன்.
பொடிப்பொடியாய் எழுந்து வந்தது.
துணியை உதறி, மறுபடியும் பிடித்து,
உதறி,
கூட்டத்தில் ஒருவரும் பேசவில்லை.
மாலை மங்குவதற்குள்
முகம் திரும்பி வந்தது.

காந்தம் எடுக்காதது மிச்சமிருந்தது.
உதட்டோரம்
தேன் நிறத்தில் நாலைந்து துளி மணல்.
முந்தானை நுனியை நாக்கில் நனைத்து
அவள் துடைத்தாள்.
நுனியை மறுபடியும் நனைத்தாள்.
வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவன்
அங்கே நான் ஒருவன்தான்.
சொல்லவில்லை.

கூலிப் பட்டியலில் அவன் 'தாசியஸ்'.
ஞானஸ்நானச் சீட்டில் 'தார்சீசியுஸ்'.
அப்படி ஓர் ஆள் வேலைக்கே வரவில்லை என்று
நாகர்கோவிலில் ஒரு மேசைக்குப் பின்னாலிருந்து
மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

காந்தத்தை நான் திருப்பி வைக்கவில்லை.
ஆண்டுக் கணக்கெடுப்பில் ஒன்று குறைந்தது;
சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள்.
அந்த ரசீது இன்னும் இருக்கிறது.
அதில் என் பெயர்
ஒரு எழுத்துப் பிசகில்லாமல்
சரியாக எழுதியிருக்கிறது.