கித்தாவுக்குக் கொம்பு முளைத்தால்

புகார்க் கடிதங்கள் என் மேசைக்குத்தான் வரும்.
பகாவ் கையுறை ஆலையில் என் வேலை அது.
கிழிந்தது, ஒட்டிக்கொண்டது,
நூறு இருக்கவேண்டிய பெட்டியில் தொண்ணூற்றெட்டு.
மன்னிப்பு முன்பே தட்டச்சாகி இருக்கும்,
ஊர்ப்பெயரை மாற்றினால் போதும்.

இந்த முறை ஊர், கித்தோ.
எழுத்துப்பிழை என்றே முதலில் நினைத்தேன்.
ரப்பரை நாங்கள் கித்தா என்போம்.
கித்தாக்காடு, கித்தாப்பால்,
கித்தா விலை விழுந்த வருஷம்.
அதற்கு ஒரு கொம்பு முளைத்தால்
பூமிக்கு அந்தப்பக்கம் ஒரு தலைநகரம்.

எழுதியவர் தாதி மர்த்தா கிஷ்பே.
கருவி மொழிபெயர்த்த கோணல் மலாயில்:
உங்கள் நடுத்தரம் எங்கள் நடுத்தரம் அல்ல.
விரல்நுனியில் காற்று மிஞ்சுகிறது.
அந்தக் காற்றோடு நரம்பைத் தேட முடியவில்லை.
சின்ன அளவு போட்டால் மணிக்கட்டு நீலமாகிறது.

இணைப்பில் ஒரு கை.
காகிதத்தில் வைத்துப் பேனாவால் சுற்றி வரைந்தது.
சுண்டுவிரல் திரும்புமிடத்தில்
பேனா வழுக்கியிருந்தது.

"மீடியம்னா மீடியம்தான்" என்றார் என்சே ரஸ்லான்.
அளவை வைத்தது யார்?
அச்சு எந்த நாட்டிலிருந்து வந்ததோ அவர்கள்.
எந்த நாடு?
அவர் தொலைபேசி அடித்தது.

இரவு ஷிப்டில் அந்த ஊரைப் படித்தேன்.
புதிதாகப் போகிறவருக்கு மூச்சு வாங்கும் உயரம்.
எரிமலைக்குக் கீழே துணி காயப்போடும் ஜனங்கள்.
பொன் தேடி அந்நியப்படை நுழைந்தபோது
ஊரைக் காத்த தளபதியே
ஊருக்குத் தீ வைத்துவிட்டு மலையேறியிருந்தானாம்.
வந்தவர்களுக்கு மிஞ்சியது சாம்பல்.
சாம்பல்மேல் தேவாலயம் எழுப்பினார்கள்,
உள்ளே சுவர் தெரியாமல் தங்கம்.
பூசிய கைகளின் அளவை
யாரும் எடுத்துவைக்கவில்லை.

பிறகு பூமியின் இடுப்பை அளக்க வந்தார்கள் பிரெஞ்சுக்காரர்கள்.
அவர்களில் ஒருவர் அங்கிருந்துதான்
கித்தாத் துண்டொன்றைக் கப்பலேற்றினார்.
அந்த மரத்தின் பெயருக்கு
அழும் மரம் என்று பொருள் சொல்கிறவர்கள் உண்டு.
நாங்கள் அப்படிச் சொன்னதில்லை.
பால்மரம்தான்.
அழுகை வேறு கணக்கு,
அது செக்ரோலில் வராது.

நடுக்கோட்டுக்குக் கட்டிய நினைவுச்சின்னம்கூட
நிஜக் கோட்டிலிருந்து இருநூற்றுச் சொச்சம் மீட்டர்
தள்ளி நிற்கிறதாம்.
படித்துவிட்டுச் சிரித்தேன்.
ஒரு மில்லிமீட்டருக்கு எங்களைக் கூண்டில் ஏற்றுகிறார்கள்.

இயந்திரம் நின்ற பத்து நிமிஷத்தில்
டீக்காராம் எட்டிப் பார்த்தான்.
படத்தில் செங்குத்துத் தெரு, மேகத்துக்குள் பாதி வீடு,
தொப்பி போட்ட கிழவி முதுகில் மூட்டை.
"என் ஊர்" என்றான்.
நேப்பாளம் இல்லைடா, இது வேற.
"தெரியும் அக்கா" என்றான்.
திரையை இன்னும் கொஞ்சம் தன்பக்கம் திருப்பிக்கொண்டான்.
குளோரின் நெடியில் மூன்று வருஷம்.
இங்கே காற்று அதிகம்,
தூக்கம் வரவில்லை என்பான்.

மூன்று மணிக்குக் கையை அச்செடுத்தேன்.
அங்கே நேற்று மதியம் இரண்டு.
என் நாற்காலிக்குக் கீழே,
சிமெண்டுக்கும் செம்மண்ணுக்கும்
யாரும் பார்த்திராத நெருப்புக்கும் கீழே,
கொஞ்சம் சாய்வாக,
அவள் யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டிருப்பாள்,
பாதம் என்னை நோக்கி.

என் கையை அந்தக் கோட்டுக்குள் வைத்தேன்.
சுண்டுவிரல்வரை சரி.
பதினோரு வருஷமாக
நான் சோதித்துப் பார்க்கும் கையுறை
எனக்கும் நுனியில் தொங்கும்.
கையே அப்படி என்றிருந்தேன்.

படிவத்தில் இரண்டே கட்டம்.
புகார் ஏற்கப்பட்டது. ஏற்கப்படவில்லை.
மன்னிப்புக்கு அடியில், அச்சடிக்காத இடத்தில்,
எனக்கும் பொருந்தவில்லை என்று எழுதி
அனுப்பிவிட்டேன்.
கீழே பெயர்: கனகாம்புஜம் த/பெ முனுசாமி,
தர விசாரணைப் பிரிவு.

கையை மேசைக் கண்ணாடிக்கு மேலேயே விட்டிருந்தேன்.
காலையில் என்சே ரஸ்லான் வந்து
அதன்மேல் தே தாரிக்கை வைத்தார்.
உள்ளங்கையில் ஒரு வட்டம்,
முழுசாகக்கூட இல்லை.