ஏழின் கால்

அருவங்காடு இறக்கத்தில், மழை விடாத ஒரு ஞாயிறு,
மிஸஸ் ஃப்ளாரன்ஸ் தேவநேசம் சாப்பாட்டு மேசையிலிருந்து
ஊறுகாய் ஜாடியை நகர்த்திவிட்டுப்
போர்வையில் சுற்றியதைக் கிடத்தினார்.

கோத்தகிரியில் பல் டாக்டர் நான்.
பையில் எப்போதும் இருப்பவை
வாய்க்கண்ணாடி, கொக்கி முனை, பேனா டார்ச்.
வீட்டுச் சுவரில் சுடாத துப்பாக்கிகள் ஆறு.
ஒவ்வொன்றின் அறையிலும் ஒரு துளை,
துளைக்கு ஒரு சான்றிதழ்.

"மாமனார் பர்மாவில தூக்கிட்டு நடந்தது" என்றார்.
விற்க வரும்போது
எல்லாத் துப்பாக்கியும் பர்மாவுக்குப் போய்வந்ததுதான்.

முதலில் மோந்து பார்ப்பேன்.
கட்டையில் ஆளிவிதை எண்ணெய் வரவேண்டும், அடியில் எங்கோ வியர்வை.
இதில் டிக்காஷன்.
கொதித்த டஸ்ட் டீயைத் துணியில் தொட்டு
நாலைந்து பூச்சு பூசினால்
புதுக்கட்டைக்கு ஒரே வாரத்தில் எழுபது வயசு.
இந்த மலையில் டீத்தூளுக்கா பஞ்சம்!

ஆனால் இரும்பு பழசு.
கிரீடம், அதன் கீழ் இஷாப்பூர், வருடம் நாற்பத்திரண்டு.
முன்கட்டையைக் குறுக்கே துளைத்துப் போகும் அந்த ஒற்றைத் திருகு
நம் பட்டறைகளின் பழக்கம்.
அதன் தலையை யாரும் கடித்துக் குதறவில்லை.
சரி என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன்.

பிறகு எண்கள்.
போல்ட்டின் கைப்பிடி, உடல் வளையம், முனைத் தொப்பி,
குறிபார்க்கும் தகட்டின் அடிவயிறு:
நான்கிலும் அதே ஐந்து இலக்கம்.
மற்றவர்கள் இதற்குத்தான் கண் விரிந்து பணம் கொடுப்பார்கள்.
எனக்கு இதற்குத்தான் வயிறு கலங்கும்.
சேற்றில் கழற்றி இருட்டில் மாட்டிய சாமான்,
யார் போல்ட் யாருக்குப் போனதோ.
பல்செட் கட்டும்போது நானே
கீழ்வரிசையில் ஒன்றைச் சற்று சாய்த்து வைப்பேன்,
ஓரத்தில் துளி வெற்றிலைக் கறை.
முப்பத்திரண்டும் முத்துமுத்தாக இருந்தால்
பந்தியில் பக்கத்து இலைக்காரன் கண்டுபிடித்துவிடுவான்.

டார்ச் வெளிச்சத்தை எண்ணின் மேல் படுக்கவைத்து
கண்ணாடியைச் சாய்த்தேன்.
துரு தின்று ஆறிப்போன ஒரு சின்னக் குழி.
அதன் சரிவில் இறங்கி ஏறியிருந்தது ஏழு.
முதலில் துரு,
பிறகுதான் எண்.
ஏழின் காலில் நகக்கீறல் போல ஒரு வெட்டு.
நான்கு ஏழிலும் அதே வெட்டு, அதே இடம்.

சொன்னேன்.
நாற்காலியில் சாய்ந்து கொஞ்சம் சிரித்தார்.
"ஃபேக்டரி டூல்ரூம்ல முப்பது வருஷம் இருந்தாரு.
சர்ச் விட்டு வந்ததும் பின்கட்டுல டொக் டொக்னு சத்தம் கேக்கும்.
ரிப்பேர்னாரு.
குன்னூர் புரோக்கர் மூலமா ரெண்டு மூணு வித்தாரு.
அந்தக் காசுலதான் பொண்ணை நர்சிங் சேர்த்தோம்."
கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துவிட்டு,
"விலை அதேதான் டாக்டர். குறைக்க மாட்டேன்.
அவரு கையால செஞ்சது இது ஒண்ணுதான் மிச்சம்."

வாங்கவில்லை.
டீ குடித்தேன். நல்ல டீ.

கட்டபெட்டு தாண்டும்போது மூடுபனி ரோட்டில் இறங்கிவிட்டது.
முன்னால் போன பஸ்ஸின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு
ஊர்ந்து வரும்போது நினைவு வந்தது,
நான் முதல் முதலில் வாங்கியது,
கூடத்தில் நடுச்சுவரில் இருப்பது,
வருகிறவர்களின் விரலைப் பிடித்து எண்ணைத் தொட வைப்பேனே, அது.
குன்னூர் புரோக்கர்.
எல்லா எண்ணும் பொருந்தும்.
ஒரு ஏழும் உண்டு.

வீட்டில் பையைக் கவிழ்த்தேன்.
கொக்கி இருந்தது, டார்ச் இருந்தது.
கண்ணாடி அவர் மேசையில், ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில்.

கீழே கிளினிக்கில் ஒரு டஜன் கண்ணாடி இருக்கிறது,
பதினாலு படி இறங்கினால் போதும்.
காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று
நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.