கொம்பு கழன்ற வளைவு

பணிமனைச் சாப்பாட்டு அறையில்
முட்டைக்கோஸ் வாடைக்கு நடுவே
வியாழன்தோறும் முக்கால் மணி நேரம்
மூச்சு வகுப்பு.
எங்களில் இரண்டு பேருக்கு இரத்த அழுத்தம் ஏறி,
ஒருவர் டிராலி பஸ்ஸை நடுச்சாலையில் விட்டுவிட்டு
நடந்தே வீட்டுக்குப் போய்விட்ட பிறகு
நிர்வாகம் செய்த ஏற்பாடு.
சம்பளம் கூட்டுவதைவிட மலிவு.

வந்த லாமாவுக்குக் கடும் ஜலதோஷம்.
உள்ளே போவதை அறியுங்கள்
வெளியே வருவதை அறியுங்கள் என்றார்.
அவருக்கு உள்ளேயும் போகவில்லை
வெளியேயும் வரவில்லை.
பத்து வரை எண்ணுங்கள்,
தவறினால் மறுபடி ஒன்று.
தவறாமலிருக்க என்ன வழி என்று
கன்சோரிக் எழுந்து கேட்டான்.
"தவறுவீர்கள்" என்று சொல்லி
மூக்கைச் சிந்திக்கொண்டார்.

உலான்பாத்தரில் மூச்சைக் கவனிக்க
வகுப்பு எதற்கு?
மைனஸ் முப்பத்தொன்றில்
விட்ட மூச்சு முகத்துக்கெதிரே நின்று
என்னைக் கவனிக்கிறது.
இமை முடியில் வந்து உறைகிறது.
இழுக்கும் மூச்சிலோ
மலைச்சரிவுக் கூடாரங்கள் எரித்த நிலக்கரி;
என் வீட்டு அடுப்பின் பங்கும் அதில் உண்டு.
தெமூலென் இன்ஹேலரைக் காதருகே குலுக்கி
இன்னும் இருக்கிறதா என்று பார்க்கும் சத்தம்தான்
எனக்கு விடியற்காலை அலாரம்.
இந்தக் காற்றை
அறிந்து இழுப்பதைவிட
அறியாமல் இழுப்பது மேல் என்று
பின்வரிசையில் முணுமுணுத்தவள் நான்தான்.

நேற்று மாலை ஐந்தே முக்கால்.
ஊரின் பெரிய சாலைக்குப் பெயர் அமைதி.
ஹாரன் அடிக்காத வண்டி அதில் ஒன்றுமில்லை.
ஒன்று, எண்ணினேன்.
இரண்டில் ஒரு பிரியஸ் குறுக்கே மூக்கை நுழைத்தது.
மூன்றில் மகனின் பள்ளிக் கட்டணம்.
நான்கில்
அக்கா திருப்பிக் கேட்ட கடன்,
கேட்ட விதம்,
நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்,
அதற்கு அவள் சொல்லக்கூடியது,
அதற்கும் என் பதில்.
"துலம்சூரேன், ஒன்பது நிமிடம் தாமதம்"
என்றது வயர்லெஸ்.

அப்போதுதான், அந்த வளைவில்,
தலைக்கு மேலே படாரென்று நீலப்பொறி.
விளக்குகள் அணைந்தன.
வண்டி தன் கனத்தில் சற்று உருண்டு நின்றது.
எழுபது பேர் ஒன்றாக விட்ட பெருமூச்சில்
கண்ணாடிகள் மொத்தமும் வெளுத்தன.

கையுறைக்கு மேல் கையுறை மாட்டி இறங்கினேன்.
பின்பக்கம் போய்க் கயிற்றைப் பிடித்தேன்.
ஆடும் கொம்பை முதலில் நிற்க விட வேண்டும்.
கொஞ்சம் தாழ்த்தி
கம்பிக்கு நேர் கீழே கொண்டுவந்து
மெல்ல விட வேண்டும்.
அவசரப்பட்டால் கம்பியைத் தாண்டிப் போய்விடும்.

பதினெட்டு வருடம்.
எத்தனை ஆயிரம் முறை கழன்றிருக்கும்?
ஒரு நாளாவது
நீயெல்லாம் ஒரு கொம்பா என்று
அதை நான் ஏசியதில்லை.
வளைவில் கழலும்,
பனி கட்டிய முனையில் கழலும்.
இறங்கிப் போய் மாட்டுவேன்.
மாட்டிய பிறகு அதைப் பற்றி நினைப்பதுகூட இல்லை.

லாமாவின் சிவந்த மூக்கு நினைவுக்கு வந்தது.
கயிற்றை விடாமல் அங்கேயே நின்றேன்,
தேவைக்கு மேல் ஒரு மூச்சு நேரம்.

விளக்குகள் எரிந்தன. உள்ளே யாரோ கைதட்டினார்கள்.
பதினாலு நிமிடத் தாமதத்துக்கு
அபராதச் சீட்டு வந்தது.
கடன் அப்படியே இருந்தது. புகையும்.

இரவு தெமூலென் இருமி இருமித் தூங்கிய பின்
விளக்கைப் போடாமல் அவன் கால்மாட்டில் உட்கார்ந்தேன்.
அவன் மூச்சில் சன்னமான விசில்.
என் மூச்சை விட்டுவிட்டு
அவனுடையதை எண்ணினேன்.
ஒன்று.
இரண்டு.
மூன்றில் அக்கா வந்தாள்.
இறங்கிப் போய்
மாட்டிவிட்டு வந்தேன்.