இரண்டாம் காட்சி

ஆறாம் தளம் வரைக்கும் ஏழேகால்,
பார்த்துவிட்டுச் சாப்பாடு.
அதற்கு மேலே ஒன்பதரை,
சாப்பிட்டுவிட்டுக் காட்சி.
விதி இவ்வளவுதான்.
அட்டையைக் கையில் வாங்குகிறவர்களுக்கு
ஏதோ ஜாதகம் பார்த்துக் குறித்ததுபோல் இருக்கும்.
குறித்தவள் நான்.
சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில், மாடி அறையில்,
ஏர்கண்டிஷன் சொட்டும் வாளிக்குப் பக்கத்தில்.

அரங்கில் அறுநூற்று நாற்பது நாற்காலி,
கப்பலில் ஆயிரத்து இருநூறு பேர்.
கைக்குழந்தை என்றால் முதல் காட்சி.
சக்கர நாற்காலி என்றால் ஓரத்து இருக்கை.
தேனிலவு என்று எழுதியிருந்தால்
எங்கே மிச்சமோ அங்கே,
அவர்கள் மேடையைப் பார்க்கப் போவதில்லை.

வியாழக்கிழமை லீலாவதி கூப்பிட்டாள், பிறையிலிருந்து.
வீட்டுக்காரருக்கு அறுபது,
இருபத்து மூன்று பேர், ஒரே முன்பதிவு,
புக்கெட் போய்த் திரும்பும் மூன்று இரவு.
"ஒரே ஒரு உதவி லா.
பெரியண்ணன் ஞானசீலன், சின்னண்ணன் தவசீலன்,
ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் வேண்டாம்."
ஏனென்று நான் கேட்கவில்லை.
ஆயர் ஈத்தாமில் ஒரு கடை, என்றாள்,
பதினோரு வருஷம், என்றாள்,
ரெண்டு வக்கீலுக்கும் வீடு கட்டியாச்சு.

ஒரே முன்பதிவை
கணினி பிரிக்காது.
மேலதிகாரியின் கடவுச்சொல் வேண்டும்.
சியூ லிங் குவே தியாவ் தின்றபடியே
ஒரு விரலால் தட்டிக் கொடுத்தாள்.
காரணம்? என்று கட்டம் கேட்டது.
உணவு நேரம், என்று எழுதினேன்.
மூத்தவருக்கு ஏழேகால்.
இளையவருக்கு ஒன்பதரை.

சனிக்கிழமை ஜன்னல் வழியே பார்த்தேன்.
பெயர் எழுதி ஒட்டவில்லை யார் முதுகிலும்.
ஆனாலும் ஏறுபாலத்தில்
இருபது பேர் இடைவெளிவிட்டு
ஒரே நடை இரண்டு முறை ஏறியது,
இடது காலைக் கொஞ்சம் வெளியே வீசி.

ஃபெரியில் பட்டவொர்த் திரும்பும்போதுதான்
உறைத்தது:
இரண்டு காட்சிக்கும் வாசல் ஒன்று.
எட்டே முக்காலுக்கு முதல் கூட்டம் வெளியே வரும்.
எட்டு நாற்பதுக்கே
அடுத்த கூட்டம் சுவரோரம் நிற்கும்.
கம்பளம் விரித்த குறுகல் நடை.
ஒருவர் வர, ஒருவர் ஒதுங்க வேண்டும்.
நேரத்தைப் பிரித்தேன்.
கதவைப் பிரிக்கத் தோன்றவில்லை.
அன்றிரவு சோற்றை அடிப்பிடிக்க விட்டேன்.

செவ்வாய்க்கிழமை கணக்கு வந்தது,
யார் எப்போது அட்டையைத் தேய்த்தார் என்று.
தவசீலன்: ஒன்பது மணி இரண்டு நிமிடம், உள்ளே.
ஞானசீலன்: ஏழு ஒன்பது, உள்ளே.
சரி.
அதற்குக் கீழே மறுபடியும் ஞானசீலன்.
ஒன்பது இருபத்தாறு.
காலி இருக்கை இருந்தால் விடும் வரிசை,
கடைசி ஆள்.

அதே மந்திரவாதி.
அதே புறா.
பெட்டிக்குள் போய்ப் பாதியாகி
முழுசாக எழுந்து கையசைக்கும் அதே பெண்.
எப்படி முடியும் என்று தெரிந்தும்
முக்கால் மணி நேரம்
ஒரு மனிதர் நடையில் நின்றிருக்கிறார்.
உணவுக்கூடக் கணக்கையும் திறந்தேன்.
ஒன்பது மணிப் பந்தி, நாற்பத்தொன்றாம் மேசை:
அவர் வரவில்லை.

வரிசையில் வந்தவர்
எந்த நாற்காலியில் உட்கார்ந்தார் என்பதை
இந்தக் கணினி எழுதி வைப்பதில்லை.
பக்கத்திலா, பத்து வரிசை பின்னாலா,
தம்பியின் பிடரி தெரிகிற இடத்திலா.
வேறு நாற்காலியே இல்லாமலும் இருக்கலாம்.

"ஒரே ஆள் ரெண்டு தடவை," என்றாள் சியூ லிங்,
"பிழையா?"
பிழை என்றால் ஒரு வரியை அழிக்க வேண்டும்.
இல்லை, என்றேன். இருக்கட்டும்.

லீலாவதி அப்புறம் கூப்பிடவில்லை.
நல்லதற்கா, கெட்டதற்கா, தெரியாது.
எங்கள் வேலையில் இரண்டுக்கும் பெயர் ஒன்று:
புகார் இல்லை.
வாளி நிறைந்திருந்தது.
கொட்டிவிட்டு வந்து
அடுத்த கப்பலைத் திறந்தேன்.