ஆயிரத்து நூற்று ஐம்பத்தொன்று

புதுச்சேரியிலிருந்து வரும் பஸ் ஆல்பேட்டையில் நிற்கும்.
காவலர் ஏறிப் பைகளைத் தட்டுவார்,
பாட்டில் சத்தம் கேட்கிறதா என்று.

என் மடியில் இருந்த பெட்டி சத்தம் போடவில்லை.
"என்னம்மா இது?"
"பேர்போன் கிட் சார்."
"அவ்வளவு பேர்போன கம்பெனியா?"
பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள்.
பிரித்துக் காட்டினேன்:
தகரக் கூடு, பவர் சப்ளை, போர்டு.
போர்டின் நடுவே கறுப்பு மூடி போட்ட ஒரு சதுரம்.
"மீதி எங்க?"
"மீதியை நாமதான் போட்டுக்கணும்."
"காலிப் பெட்டிக்கா காசு குடுத்த?"
இறங்கிப் போய்விட்டார்.

மீதி என் கைப்பையில் இருந்தது,
கம்மல் வாங்கிய டப்பாவில், பஞ்சின் மேல்.
மஞ்சக்குப்பத்தில் ஆறு வருஷம்
கிரயப் பத்திரங்களை அடித்துத் தந்த மெஷினின் புராசஸர்.
உப்புக் காற்றில் பச்சை பூத்துச் செத்தது
அதன் போர்டுதான்.

"சாக்கெட் என்ன?"
நெல்லித்தோப்பு அமலோர் போனில் கேட்டார்.
"ஆயிரத்து நூற்று ஐம்பத்தொன்று."
அவர் கேட்டதும் அவ்வளவு.
நான் சொன்னதும் அவ்வளவு.

ராத்திரி, ஃபேனை நிறுத்திவிட்டு மூடியைத் திறந்தேன்.
கடல்காற்றுக்கு ஒரே பக்கம் சாய்ந்த சவுக்குக் கன்றுகளாய்
ஆயிரத்துச் சொச்சம் ஊசிகள்.
ஒரு சொட்டு வேர்வை விழுந்தால் போச்சு.
மூலையில் இருக்கும் தங்க முக்கோணத்தைப் பார்த்து
இரண்டு வெட்டுகளும் பொருந்த இறக்கினேன்.
உட்கார்ந்தது.
நெம்புகோலை அழுத்துகையில் ஒரு நறநறப்பு,
என் பல்லில் கேட்டது.

விசிறி சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது.
திரை மட்டும் கறுப்பு.

என்னுடையது ஏழாம் தலைமுறை.
இந்த போர்டு எட்டாவதிலிருந்துதான் பேசும்.
இருக்கை ஒன்றே, ஊசிக் கணக்கும் ஒன்றே.
115/1ஏ மனைக்கு
115/1பி பட்டாவை நீட்டுகிறவர்களிடம்
எத்தனை தடவை சொல்லியிருப்பேன்,
நம்பரை மட்டும் பாத்தா போதாது,
உட்பிரிவைப் பாருங்க என்று!

அமலோர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"தலைமுறையைக் கேக்கத் தோணல மேடம்.
எடுத்துட்டு வாங்க, மாத்தித் தரேன்."

போகிற பஸ்ஸை யாரும் சோதிப்பதில்லை.
ஆல்பேட்டையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்
ஜன்னல் வழியே பெட்டியை அடையாளம் கண்டுகொண்டார்.
"என்னம்மா, மீதி கெடைச்சுதா?"
"கெடைச்சுது சார். உக்காந்துச்சு.
பேசத்தான் மாட்டேங்குது."
அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார்.
பஸ் பெண்ணையாற்றுப் பாலத்தில் ஏறிவிட்டது.