ஒரு விரற்கடை

எஞ்சினைக் கழற்றி இறக்கிய இரவு
கார் மெல்ல எழுந்தது.
ஷெட்டுக்குள் மூக்கை விட்டு நின்ற கார்;
முன்சக்கர ஸ்பிரிங்குகள் பாரம் விட்டு நீள
அந்த மூக்கு நிமிர்ந்து தகரக் கூரையைப் பார்த்தது.
கழற்றும் முன் எந்த உயரத்தில் இருந்ததென்று
பக்கச் சுவரில் பென்சிலால் கோடு போட்டிருந்தேன்.
இப்போது கோட்டுக்கு நான்கு விரல் மேலே.

பழையது போட்மின் மேட்டில் செத்தது.
ஏழாயிரம் சுற்றில் கனெக்டிங் ராடு
இரும்புச் சுவரை உடைத்து வெளியே எட்டிப் பார்த்தது.
அந்த ஓட்டையில் கட்டைவிரல் நுழையும்.
நுழைத்துப் பார்த்தேன்.
ஏனென்று கேட்காதீர்கள்.

மொத்த எடை ஐந்நூற்று இருபது கிலோ.
கதவு கிடையாது, கூரை கிடையாது,
மழைக்கு என் தொப்பிதான்.
ரெட்ரூத்தில் பேக்கரி வேலை எனக்கு.
மாவு தராசுக்குப் போகுமுன்னே
நூற்றைம்பது கிராமா கூடவா என்று
கை சொல்லிவிடும்.
கை சொல்லாத எடைகளை
ரசீதுகளின் முதுகில் எழுதி எழுதி
அந்தக் குளிர்காலம் போனது.

அக்காள் கணவர் டென்சில்
எட்டு சிலிண்டர் என்றார். அமெரிக்க இரும்பு.
எதையும் பெரிதாகத்தான் வாங்குவார் அவர்:
ஃபிரிட்ஜ், நாய், கடன்.
குருவி தலையில் பனங்காய் என்றேன்.
"நேர் ரோட்டில் பறக்கும்!"
இந்தப் பக்கம் நேர் ரோடு எங்கே இருக்கிறது?

பக்கத்து வீட்டு லவ்டே
மோட்டார் சைக்கிள் எஞ்சின் போடு என்றாள்.
கியர்பாக்ஸோடு எண்பது கிலோ,
பதினோராயிரம் சுற்றில் ஊரையே எழுப்பும்.
ரிவர்ஸ் கியர்?
"இறங்கித் தள்ளு."
அவளுக்கு இருபத்து மூன்று வயது.
பின்னால் போக வேண்டிய வேலை
இன்னும் வந்திருக்காது.

மின்மோட்டாரையும் கணக்குப் போட்டேன்.
ஆள் லேசுதான்;
அது சுமந்து வரும் கட்டுசோறு
இருநூறு கிலோ.

பிப்ரவரியில், பெட்ரோக்கின் உடைசல் கிடங்கில்,
பின்பாதி நசுங்கிய வெள்ளிநிறச் சின்னக் கார்.
மாட்டுக்கு விலகி, சுழன்று,
கல்வேலியில் போய்ச் சொருகியதாம்.
ஓட்டியவர்?
"நர்ஸம்மா. கழுத்தில் ஒரு வாரம் பட்டை."
மாடு?
"மாட்டுக்கு என்ன. மேய்கிறது."

அலுமினியம். ஆயிரத்து அறுநூறு சிசி.
தொண்ணூறு கிலோ.
யாரிடமும் பெருமையடிக்க முடியாத எஞ்சின்.
ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றினேன்:
இறுகியது, விட்டது, இறுகியது, விட்டது,
நான்கு முறையும் ஒரே கனம்.
பேக்கரிக் கை சரி என்றது.
முந்நூறு பவுண்டு. டிரெய்லர் வாடகை தனி.

ஆயில் தொட்டி ஆழம் அதிகம், வெட்டி ஒட்டினோம்.
புகைக்குழாய் ஸ்டீயரிங் தண்டில் இடித்தது;
மூன்று ஞாயிறுகளை அது தின்றது,
என் முழங்கைத் தோலையும் கொஞ்சம்.

ஏப்ரலில் ஒரு நாள்
டென்சில் சங்கிலியைத் தளர்த்தத் தளர்த்த
கார் தலை தாழ்ந்தது,
அரைமனதாக ஒத்துக்கொள்கிறவர்களைப் போல.
கோட்டைத் தொடவில்லை.
ஒரு விரற்கடை பாக்கி.

"ஸ்பிரிங்கை மாற்றணும். வளைவில் மூக்கு கேட்காது."
தெரியும்.
"எட்டு சிலிண்டர் என்றால் கோட்டைத் தாண்டி இறங்கியிருக்கும்."
அதுவும் தெரியும்.

அந்த இடைவெளியில் என் சுட்டுவிரலை வைத்தேன்.
கச்சிதம்.
பழைய கோட்டை அழிக்கத் துணி எடுத்துவந்த டென்சில்
என் முகத்தைப் பார்த்துவிட்டு
கையைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டாம் முறை இருமி, மூன்றாம் முறை பிடித்தது.
வேலிக்கு மேலே லவ்டேயின் தலை.
பார்த்துக்கொள் என்று
ரிவர்ஸ் போட்டேன்.